ஸ்காலர்ஷிப் புள்ளைங்க பெரிய கடன் இல்லாம காலேஜ் முடிக்க கூட நிக்கறவங்க என்ன பண்ணலாம்

வேலூர் மாவட்டத்துல குடியாத்தம், பேரணாம்பட்டு, கே.வி.குப்பம் பக்கம் ஒரு புள்ளைக்கு காலேஜ்ல சீட்டு கெடச்சு, ஸ்காலர்ஷிப்பும் வரும்னு தெரிஞ்சா வீட்ல எல்லாரும் நிம்மதியாயிடறாங்க, ஃபீஸ கவர்மெண்ட் பாத்துக்கும், பஸ்சுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் நாம பாத்துகிட்டா போதும்னு. ஆனா படிப்பு முடியற நேரத்துல அதே வீட்டுக்கு போய் பாருங்க, குழு லோன் ரெண்டு ஓடிட்டிருக்கும், அம்மாவோட கம்மல் அடகு கடையில இருக்கும், தெரிஞ்சவங்ககிட்ட மூணு வட்டிக்கு வாங்கினது ஒண்ணு தனியா நிக்கும். ஸ்காலர்ஷிப்பும் வந்துச்சு, கடனும் வந்துச்சு. எப்படின்னா காலேஜ்ல ஃபீஸ் கேக்கறது ஜூலை ஆகஸ்ட்ல, ஸ்காலர்ஷிப் பணம் அக்கவுண்ட்ல ஏறறது பல நேரம் பிப்ரவரி மார்ச்ல. நடுவுல இருக்கற அந்த ஏழெட்டு மாசம்தான் கடன உண்டாக்குது. 40,000 ரூபா மூணு வட்டிக்கு வாங்கினா மாசம் 1,200, எட்டு மாசத்துக்கு 9,600, ஸ்காலர்ஷிப் முழுசா வந்தாலும் இந்த 9,600 யாரும் தர மாட்டாங்க, அடுத்த வருஷம் மறுபடியும் இதே கதை.

அதனால நீங்க டீச்சரா இருந்தாலும் சரி, அந்த வீட்டு அண்ணனோ அக்காவோ, ஊர்ல நாலு பேருக்கு நல்லது பண்ணணும்னு நினைக்கறவரோ யாரா இருந்தாலும் சரி, உங்க வேலை அந்த நடுவுல இருக்கற மாசங்கள அடைக்கறது. எங்க ஊர் பழைய மாணவர்கள் சில பேர் சேந்து இத பண்ணிட்டு வர்றோம், அதுல புரிஞ்சத எழுதறேன்.

மொதல்ல சீட்டு. கடன் எவ்ளோ வரும்னு பாதி முடிவாகறது பன்னெண்டாவது ரிசல்ட் வந்த அந்த ஒரு மாசத்துலதான். இஞ்சினியரிங்னா கவுன்சலிங் வழியா மட்டும் போக வைங்க. ஒரு தனியார் காலேஜ் ஆளு வீட்டுக்கே வந்து "கவுன்சலிங் எல்லாம் எதுக்குமா, இப்பவே சீட்டு போட்டு வெச்சுடறோம், ஸ்காலர்ஷிப் நாங்களே வாங்கி தர்றோம்"னு சொல்வாரு, அத நம்பி மேனேஜ்மென்ட் கோட்டால சேந்துட்டா முதல் தலைமுறை பட்டதாரி சலுகை போச்சு, ஏன்னா அந்த ட்யூஷன் ஃபீஸ் சலுகை ஒற்றைச் சாளர கவுன்சலிங்ல சேந்தவங்களுக்குத்தான். ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்லயே படிச்ச புள்ளையா இருந்தா 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு, 2021-ல இருந்து இஞ்சினியரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் இதுக்கெல்லாம் வந்துடுச்சு, மெடிக்கலுக்கு அதுக்கு முந்தின வருஷமே வந்துச்சு. அதுல சேந்தா ட்யூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ், கவுன்சலிங் ஃபீஸ் மூணையும் அரசே கட்டுது. இவ்ளோ பெரிய விஷயம், இன்னமும் மலையோர ஊர்ங்கள்ல இது தெரியாம ப்ரைவேட்ல அட்வான்ஸ் கட்டிட்டு வர்ற பெத்தவங்க இருக்காங்க, மனசு அடிச்சுக்குது.

ஆர்ட்ஸ் காலேஜ்னா ஓட்டேரி முத்துரங்கம், குடியாத்தம் திருமகள் ஆலை மாதிரி கவர்மெண்ட் காலேஜ மொத சாய்ஸா வைங்க. எய்டட் காலேஜ்ல சேக்கறீங்கன்னா எய்டட் செக்ஷனா (வாத்தியார் சம்பளத்த அரசு குடுக்கறது) செல்ஃப் ஃபைனான்ஸ் செக்ஷனான்னு (புள்ளைங்க கட்டற ஃபீஸ்லயே நடக்கறது) தெளிவா கேளுங்க, ஒரே கேட்டு, ஒரே கட்டடம், சில நேரம் ஒரே வாத்தியார், ஆனா ஃபீஸ்ல பல மடங்கு வித்தியாசம். எய்டட்ல பி.எஸ்சி. மேத்ஸ் இருக்கும்போது செல்ஃப் ஃபைனான்ஸ்ல ஏதோ பேர் நல்லா இருக்கற கோர்ஸ்க்கு கடன் வாங்கி சேர்றது வேண்டாம்னுதான் நான் சொல்வேன், புள்ளைக்கு அந்த பாடத்து மேல நெஜமான ஆசை இருந்தா அது வேற. கிராமத்து கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சு மாவட்டத்துல மொத இடத்துல வர்ற ஒரு பையன் ஒரு பொண்ணுக்கு வி.ஐ.டி.யில ஸ்டார்ஸ் திட்டம் இருக்கு, ஃபீஸ், தங்கறது, சாப்பாடு எல்லாம் இலவசம். அதே மாதிரி வேலூர்ல இருக்கற அனைவருக்கும் உயர்கல்வி அறக்கட்டளை நம்ம பழைய வடாற்காடு பக்கத்து புள்ளைங்களுக்கு உதவித்தொகை குடுக்கறாங்க, அப்ளிகேஷன் எப்ப தர்றாங்கன்னு விசாரிச்சு வெச்சுக்குங்க.

அடுத்தது பேப்பர். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரி சான்று மூணையும் ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே இ-சேவையில போட்டுடுங்க, ஒண்ணுக்கு 60 ரூபாதான். ஜூன் ஜூலைல போட்டா விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் மூணு டேபிள்லயும் மூட்டை மூட்டையா நிக்கும். வருமானச் சான்று ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும், அதனால வருஷா வருஷம் புதுசு எடுக்கணும், பட்டதாரி சான்று ஒரு தடவை வாங்கினா போதும். வீட்ல அண்ணனோ அக்காவோ ஏற்கனவே டிகிரி முடிச்சிருந்தா அது கெடைக்காது, பொய் சொல்லி வாங்க வேண்டாம், பின்னாடி புள்ளைக்குத்தான் தொந்தரவு. பேர் ஸ்பெல்லிங்க ஒக்காந்து பாருங்க. ஆதார்ல இனிஷியல் முன்னாடி, மார்க் ஷீட்ல பின்னாடி, பேங்க்ல அப்பா பேர் முழுசா, இப்படி இருந்தா ஆன்லைன்ல அப்படியே நிக்கும். மார்க் ஷீட்ட மாத்தறது கஷ்டம், அதனால ஆதாரயும் பேங்க்கயும் மார்க் ஷீட்டுக்கு ஏத்த மாதிரி மாத்திடுங்க.

இப்ப பேங்க் அக்கவுண்ட். இத கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா அப்ரூவ் ஆன ஸ்காலர்ஷிப் கைக்கு வராம போறது நெறைய இங்கதான். ஆதார பேங்க்ல குடுத்துட்டோம்னு சொல்வாங்க, அது வேற, அரசு பணம் வர்றதுக்கு ஆதார் சீடிங் ஆகியிருக்கணும், அதாவது அரசு பணம் இந்த பேங்க்குக்குத்தான் வரணும்னு ஆதார் நம்பர அதோட இணைக்கறது, ஒரு ஆதாருக்கு ஒரு நேரத்துல ஒரு பேங்க்தான் அப்படி இருக்கும், கடைசியா எந்த பேங்க்ல சீடிங் ஆச்சோ அதுக்குத்தான் பணம் போகும். எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு, பேரணாம்பட்டு பக்கம், மூணு மாசமா புதுமைப் பெண் ஆயிரம் ரூபா வரலன்னு காலேஜ் ஆபீசுக்கும் பேங்க்குக்கும் நடந்துகிட்டே இருந்துச்சு. பாஸ்புக்க எண்ட்ரி போட்டு பாத்தா ஒண்ணுமே இல்ல. அப்பறம் ஆதார் வெப்சைட்ல ஓடிபி போட்டு சீடிங் ஸ்டேட்டஸ் பாத்தா வேற ஏதோ பேங்க் பேர் காட்டுது. யோசிச்சு யோசிச்சு கடைசில ஞாபகம் வந்துச்சு, புது சிம் வாங்கின அன்னிக்கு கடைக்காரர் விரல் வெக்க சொன்னாரு, அப்பவே ஒரு அக்கவுண்டும் தொறந்திருக்கு, பணம் மூணு மாசமும் அங்க போய் பத்திரமா ஒக்காந்திருந்துச்சு. ஃபோன்லயே அஞ்சு நிமிஷத்துல பாத்துடலாம், அட்மிஷன் போட்ட அன்னிக்கே பாருங்க. இன்னொண்ணு, ஆறாவது படிக்கும்போது ஸ்கூல் மூலமா தொறந்த மைனர் அக்கவுண்ட்டே இன்னமும் வெச்சிருப்பாங்க, பதினெட்டு முடிஞ்சதும் கையெழுத்து, போட்டோ, கேஒய்சி எல்லாம் புதுசா குடுத்து மேஜர் அக்கவுண்ட்டா மாத்தலன்னா பணம் வந்து திரும்பிடும்.

காலேஜ்ல சேந்ததும் யுஎம்ஐஎஸ் நம்பர் (காலேஜ் புள்ளைங்க விவரத்த மாநில அரசு பதிவு பண்ற நம்பர்) வாங்கி வெச்சுக்க சொல்லுங்க, மாநில அரசோட ஸ்காலர்ஷிப் எல்லாம் அத வெச்சுத்தான் ஓடுது. ஆதிதிராவிடர், பழங்குடி புள்ளைங்களுக்கு போஸ்ட் மெட்ரிக் (பத்தாவதுக்கு மேல படிக்கறவங்களுக்கான ஸ்காலர்ஷிப்), குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள்ள. கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்ச பொண்ணுங்களுக்கு 2022-ல வந்த புதுமைப் பெண், பசங்களுக்கு 2024-ல வந்த தமிழ்ப் புதல்வன், ரெண்டும் மாசம் ஆயிரம், வேற ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இது தனியா உண்டு. சென்ட்ரல் கவர்மெண்ட்டோட என்எஸ்பி (நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல்) வெப்சைட்ல, பன்னெண்டாவதுல நல்ல மார்க் எடுத்த, அதாவது போர்டுல 80 பெர்சென்டைலுக்கு மேல (நூறு பேர்ல மொத இருவது பேருக்குள்ள) இருக்கற, வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருக்கற புள்ளைங்களுக்கு டிகிரி படிக்கும்போது வருஷம் 12,000. டெக்னிக்கல் கோர்ஸ் படிக்கற பொண்ணுங்களுக்கு ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விய பாத்துக்கற மத்திய கவுன்சில்) குடுக்கற பிரகதி வருஷம் 50,000, மாற்றுத்திறனாளி புள்ளைங்களுக்கு சக்ஷம், அதுவும் 50,000. பிரகதிக்கு வருமான வரம்பு 8 லட்சம், ஒரு வீட்ல ரெண்டு பொண்ணு வரைக்கும் வாங்கலாம், போட்டி இருக்கு, ஆனா போட்டுப் பாக்காம விடறது தப்பு.

நம்ம பக்கத்துக்குன்னே ஒண்ணு இருக்கு, அத நெறைய பேர் விட்டுடறாங்க. பீடி சுத்தற குடும்பத்து புள்ளைங்களுக்கு மத்திய தொழிலாளர் துறை குடுக்கற ஸ்காலர்ஷிப், அதுவும் என்எஸ்பிலதான், சாதாரண டிகிரிக்கு வருஷம் 6,000, ப்ரொஃபஷனல் கோர்ஸ்னா 25,000. கேட்டா "எங்கம்மா வீட்லதான் சார் சுத்துது, கார்டு எல்லாம் இல்ல"ன்னு சொல்லும் புள்ள. பிரச்சனையே அதுதான், இருவது வருஷமா முறத்த மடியில வெச்சு சுத்திட்டிருப்பாங்க, ஆனா கம்பெனி கணக்குல வேற யாரோ பேர்ல போய்ட்டிருக்கும். கார்டு இல்லன்னா ஸ்காலர்ஷிப் இல்ல. அதனால புள்ள பத்தாவது படிக்கும்போதே அந்தம்மாவுக்கு பீடி கார்டு வாங்க ஆரம்பிங்க, ஏஜென்ட்டுகிட்ட கேட்டு இழுத்தடிச்சா பீடி தொழிலாளர் மருந்தகத்துல போய் கேளுங்க. அப்பா கட்டட வேலையா, கைத்தறியா, ஆட்டோவா, அந்தந்த நலவாரியத்துல உறுப்பினரா இருந்தா அதுலயும் புள்ளைங்க படிப்புக்கு உதவி உண்டு, விவசாயக் கூலின்னா உழவர் பாதுகாப்புத் திட்டம். பதிவு புதுப்பிச்சிருக்கான்னு மட்டும் பாருங்க, பாதி பேர் கார்டு காலாவதியாகி பீரோவுல கெடக்கும்.

சரி, எல்லாம் போட்டாச்சு, பணம் வர மார்ச் ஆகும், ஆகஸ்ட்ல ஃபீஸ் கேக்கறாங்க. இங்க ரெண்டு வேலை. மொதல்ல காலேஜ்ல டைம் கேக்கறது. பிரின்சிபால பாக்கறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல ஸ்காலர்ஷிப் செக்ஷன் பாக்கற கிளார்க்க போய் பாருங்க, எந்த புள்ளைக்கு எவ்ளோ வரும், போன வருஷம் எப்ப வந்துச்சுன்னு அவருக்குத்தான் தெரியும், அவர் சொல்ற மாதிரி லெட்டர் எழுதுங்க, இவ்ளோ ஸ்காலர்ஷிப் வர வேண்டியிருக்கு, அப்ளிகேஷன் நம்பர் இது, இப்ப இவ்ளோ கட்றோம், மீதிய வந்ததும் கட்றோம்னு. அம்மாவையோ அப்பாவையோ கூட்டிட்டு போங்க, புள்ளைய தனியா அனுப்பாதீங்க, பதினேழு வயசு புள்ள அந்த ரூமுக்குள்ள நின்னா பேச்சே வராது. நெறைய காலேஜ்ல ஒத்துக்கறாங்க, யாரும் கேக்கறதில்ல அவ்ளோதான்.

ரெண்டாவது, கைமாத்து நிதி. பெங்களூரு, சென்னைல வேலை பாக்கற பழைய ஸ்டூடண்ட்ஸ், ஊர்ல கடை வெச்சிருக்கறவங்க இப்படி பத்து பேர் சேந்து ஒரு தொகைய ஒதுக்கி வைங்க, இத தானமா குடுக்காம வட்டி இல்லாத கைமாத்தா குடுங்க, ஸ்காலர்ஷிப் வந்ததும் திரும்ப வரணும், அடுத்த ஆகஸ்ட்ல அதே பணம் வேற புள்ளைக்கு போகும். பணத்த கையில குடுக்காம காலேஜ் அக்கவுண்டுக்கே நேரா கட்டுங்க. புள்ள, அம்மா, நீங்க மூணு பேரும் ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டு வெச்சுக்குங்க. போஸ்ட் மெட்ரிக் பணம் இப்ப நேரா புள்ளையோட அக்கவுண்டுக்கே வர்றதால இது ரொம்ப முக்கியம், வந்த அன்னிக்கு வீட்ல ஆஸ்பத்திரி செலவு நிக்கும், தண்டல்காரர் நிப்பாரு. ஒரு அம்மா சொன்னாங்க, "அவன் வாசல்லயே குந்திகினு கீறான்பா, மொதல்ல அவனுக்கு குடுத்துட்டு அப்பறமா காலேஜுக்கு பாத்துக்கலாம்னு தோணுது, இன்னா பண்றது"ன்னு. அவங்க மேல கோவப்படறதுல அர்த்தமே இல்ல. முன்னாடியே பேசி வைங்க, இந்த பணம் வந்த வாரமே ஃபீசுக்கு போயிடணும், வீட்டு அவசரத்துக்கு வேற வழி பாக்கலாம்னு. இல்லன்னா ஃபைனல் இயர்ல நோ ட்யூஸ் (பாக்கி எதுவும் இல்லன்னு காலேஜ் தர்ற சான்று) வாங்க போறப்ப மூணு வருஷத்து பாக்கி மொத்தமா வந்து நிக்கும். ஒரிஜினல் சர்டிஃபிகேட்ட காலேஜ் புடிச்சு வெச்சுக்க கூடாதுன்னு யுஜிசி 2018-லயே உத்தரவு போட்டிருக்கு, அத தெரிஞ்சு வெச்சுக்குங்க, அட்மிஷன் அன்னிக்கு சரிபாத்துட்டு திருப்பி வாங்கிடுங்க.

ஒரு விஷயம் கெஞ்சி கேக்கறேன், உதவி வாங்கின புள்ளைய செக் புடிக்க வெச்சு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடாதீங்க. அந்த போட்டோ க்ளாஸ் குரூப்புக்கு போகும், அடுத்த தடவை அந்த புள்ள எவ்ளோ கஷ்டம் வந்தாலும் உங்ககிட்ட வராது, வட்டிக்காரர்கிட்ட போகும்.

ஃபீஸுக்கு வெளிய இருக்கற செலவு ஒண்ணொண்ணும் சின்னதா இருக்கும், அதுதான் கந்துக்கும் குழு லோனுக்கும் இழுத்துட்டு போறது. எக்ஸாம் ஃபீஸ், ரெக்கார்டு நோட், லேப் கோட், ஐவி (கம்பெனி பாக்க கூட்டிட்டு போற டூர்), ப்ராஜெக்ட் பைண்டிங், ஜெராக்ஸ், எல்லாத்தையும் செமஸ்டர் ஆரம்பத்துலயே சீனியர்கிட்ட கேட்டு ஒரு நோட்டுல எழுத வைங்க, எந்த மாசம் எவ்ளோன்னு. ஐவிக்கு போகலன்னா மார்க் போகும்னு பசங்க சொல்வாங்க, டிபார்ட்மென்ட்ல நேரா கேட்டா பெரும்பாலும் கட்டாயம் இல்ல. தூரத்து ஊர்னா கவர்மெண்ட் ஹாஸ்டல், பிற்படுத்தப்பட்டோருக்கும் ஆதிதிராவிடருக்கும் தனித்தனியா இருக்கு, சாப்பாடும் தங்கறதும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் ஹாஸ்டலுக்கு வீட்டுக்கும் காலேஜுக்கும் 8 கிலோமீட்டருக்கு மேல இருக்கணும், பொண்ணுங்களுக்கு அந்த தூர கணக்கு கிடையாது. சேர்க்கறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை போய் ரூம், பாத்ரூம், சாப்பாடு பாத்துட்டு வாங்க. கவர்மெண்ட் காலேஜ் புள்ளைங்களுக்கு பஸ் பாஸ் இலவசம், ப்ரைவேட்னா பாதி கட்டணம். ஆம்பூர், வாணியம்பாடியில இருந்து காட்பாடிக்கு வர்றவங்களுக்கு ட்ரெயின் ஸ்டூடண்ட் சீசன்தான் எல்லாத்தையும் விட மலிவு.

அப்படியும் பத்தலன்னா பேங்க் கல்விக் கடன். பேங்க் கடன்னா பயந்துகிட்டு மூணு வட்டிக்கு போறவங்க அதிகம், அது தலைகீழ், பேங்க்ல வருஷத்துக்கு பத்து சதவீதம் பக்கம், மூணு வட்டின்னா வருஷத்துக்கு 36. நாலு லட்சம் வரைக்கும் நம்ம பங்குன்னு ஒண்ணும் கட்ட வேண்டாம், 7.5 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் கேக்கறதில்ல. கணக்கு போட்டு காட்டறேன். வருஷம் ஒரு லட்சம் வீதம் நாலு வருஷம், 10 சதவீதம், படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் கட்ட வேண்டாம்னு வெச்சுக்குங்க. அதுவரைக்கும் தனி வட்டி மட்டுமே 1.4 லட்சம் ஏறி நிக்கும், 5.4 லட்சத்த பத்து வருஷத்துல கட்டினா மாசம் 7,100 சொச்சம். அதே புள்ள ஸ்காலர்ஷிப் எல்லாம் சரியா வாங்கி கடன பாதியா, வருஷம் 50,000 மட்டும் எடுத்தா மாசம் 3,570 பக்கம்தான் வரும். மொத வேலையில 15,000 சம்பளம் வாங்கற புள்ளைக்கு இந்த ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ வித்தியாசம்னு நெனச்சு பாருங்க. அதனால சாங்ஷன் ஆனது முழுசையும் எடுக்கணும்னு இல்ல, அந்த வருஷத்துக்கு எவ்ளோ தேவையோ அவ்ளோ மட்டும் எடுங்க. மாசம் அஞ்சு நூறோ ஆயிரமோ முடிஞ்சா படிக்கும்போதே வட்டிய கட்டிட்டு வாங்க.

வருமானம் 4.5 லட்சத்துக்குள்ளன்னா டெக்னிக்கல், ப்ரொஃபஷனல் கோர்ஸ்க்கு படிக்கற காலத்து வட்டிய மத்திய அரசே கட்டற மானியம் இருக்கு. பேங்க்ல அவங்களா சொல்வாங்கன்னு காத்திருக்காதீங்க, வருமானச் சான்ற குடுத்து, மானியத்துக்கு போட்டாச்சான்னு நீங்க கேளுங்க, நடுவுல படிப்ப விட்டுட்டா அது நின்னுடும். அப்ளிகேஷன வித்யாலக்ஷ்மி போர்ட்டல்ல போடுங்க, நம்பர் கெடைக்கும். நேர்ல போனா "எங்க ஏரியா இல்ல"ன்னு வாய் வார்த்தையா திருப்பி அனுப்பினா, எழுத்துல காரணம் குடுங்கன்னு மரியாதையா கேளுங்க, அப்பவே பாதி வேலை நடக்கும். நடக்கலன்னா லீட் பேங்க் மேனேஜர் (மாவட்டத்து பேங்க்ங்கள ஒருங்கிணைக்கறவர்), அதுக்கும் மேல சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனு. கல்விக் கடன் முகாம் போட்டா எல்லா பேங்க்கும் ஒரே இடத்துல ஒக்காந்திருப்பாங்க, அன்னிக்கு போங்க.

ரெண்டாவது வருஷத்துல கவனம் விடாதீங்க. மொத வருஷம் எல்லாரும் கூட ஓடுவாங்க, ரெண்டாவது வருஷம் ரினீவல யாரும் ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்க, தேதி போயிடும். அந்த 12,000 ரூபா ஸ்காலர்ஷிப்புக்கு 50 சதவீத மார்க்கும் 75 சதவீத அட்டென்டன்சும் வேணும், அரியர் விழுந்தா எக்ஸாம் ஃபீஸும் கூடும், வேலை தேடறதும் தள்ளி போகும். தமிழ் மீடியத்துல இருந்து போற புள்ள மொத செமஸ்டர் மேத்ஸ்லயோ இங்கிலீஷ்லயோ தடுமாறினா உடனே ஒரு சீனியர கோத்து விடுங்க, இதுக்கு செலவே இல்ல, நீங்க குடுக்கற பணத்த விட இதுதான் கடன கொறைக்கும். ராத்திரி ஷிஃப்ட் வேலைக்கு போறேன்னு சொன்னா அட்டென்டன்ஸ் கணக்க காட்டி தடுத்துடுங்க, லீவுல போகட்டும்.

ஃபைனல் இயர் டிசம்பர்லயே ஆபீஸ்ல பாக்கி எவ்ளோன்னு எழுதி வாங்கிடுங்க, ஏப்ரல் வரைக்கும் விடாதீங்க. காஷன் டெபாசிட் (சேரும்போது வாங்கி கடைசில திருப்பித் தர்ற பணம்) கட்டியிருந்தா ரசீத தேடி எடுத்து வைங்க, திரும்ப வாங்கணும், கேட்டாத்தான் தருவாங்க. கல்விக் கடன் இருந்தா கடைசி செமஸ்டர்லயே ப்ராஞ்சுக்கு போய் புது ஃபோன் நம்பர், அட்ரஸ் எல்லாம் குடுத்து, இஎம்ஐ எந்த மாசம் ஆரம்பிக்குது, எவ்ளோன்னு ஒரு ஸ்டேட்மென்ட் வாங்கிக்குங்க, மானியம் வரவு வெச்சிருக்கான்னு அதுலயே பாத்துடலாம். சம்பளம் வாங்க ஆரம்பிச்சதும் கைமாத்து நிதியில பாக்கி இருந்தா மொதல்ல அத அடைக்க சொல்லுங்க, ஆகஸ்டுக்குள்ள.